கரண்ட் பில் வராத வீடுகள்: டாக்கா ஜெனிவா முகாமில் பார்த்ததும் கற்றதும்

டாக்காவின் முகமதுபூர் பகுதியில் தெருக்களுக்கு முகலாயர் காலத்துப் பெயர்கள். பாபர் ரோடு, ஹுமாயூன் ரோடு, ஷாஜகான் ரோடு, நூர்ஜஹான் ரோடு, தாஜ்மஹால் ரோடு என்று போகும். பிரிவினைக்குப் பிறகு இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் அகதிகளைக் குடியமர்த்த அன்றைய பாகிஸ்தான் அரசு உருவாக்கிய பகுதி அது. அந்தத் தெருக்களுக்கு நடுவில்தான் ஜெனிவா முகாம் இருக்கிறது. வங்கதேசத்தில் உருது பேசும் மக்கள் வாழும் 116 முகாம்களில் அதுதான் பெரியது. 1971 வங்கதேச விடுதலைப் போருக்குப் பிறகு செஞ்சிலுவைச் சங்கம் அடைக்கலம் கொடுத்த இடம் என்பதால், அந்தச் சங்கத்தின் தலைமையகம் இருக்கும் ஊரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

நான் டாக்காவில் ஒரு பையிங் ஹவுஸில், அதாவது வெளிநாட்டுக் கடைகளுக்கு ஆடை வாங்கிக் கொடுக்கும் நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இலங்கையிலிருந்து ஆடைத் தொழிலுக்காக அங்கே போகிறவர்கள் நிறையப் பேர், நானும் அப்படிப் போனவள். எங்கள் ஆர்டர்களில் சிலவற்றுக்குக் கைவேலை வேண்டும். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி ஜரிகை, சம்கி, பாசிமணி வைத்துத் தைக்கும் அந்த வேலைக்கு அங்கே கார்ச்சுப்பி என்று பெயர். அது நன்றாகத் தெரிந்த பலர் முகாமில்தான் இருந்தார்கள். மீர்பூரில் பெனாரசிச் சேலை நெய்கிறவர்களிலும் உருது பேசும் குடும்பங்கள் அதிகம். அப்படித்தான் சாம்பிள் துணியோடு முகாமுக்குள் போக ஆரம்பித்தேன். வேலைக்காகப் போனவள், பிறகு பிறப்புப் பதிவுத் தாள்களைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். ஆடை வேலைக்கு டாக்கா போகும் நம்மவர்களுக்கும், தாள் இல்லாத மக்களோடு எங்கேயாவது வேலை செய்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. இது தெரியாமல் அந்தச் சந்துகளுக்குள் போய் யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம்.

1946இல் பீகாரில் நடந்த கலவரங்களுக்கும் அடுத்த வருடப் பிரிவினைக்கும் தப்பி, பீகார், உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம் என்று பல இடங்களிலிருந்து முஸ்லிம்கள் கிழக்கு வங்கத்துக்கு வந்தார்கள். ரயில்வே, தபால் தந்தி, சணல் ஆலை என்று வேலைகளில் சேர்ந்தார்கள். வடக்கே சையத்பூர் ரயில்வே பட்டறையைச் சுற்றி ஊரே இவர்களால் வளர்ந்தது. இவர்கள் வீட்டில் பேசிய உருதுவைத்தான் மேற்கு பாகிஸ்தான் ஆட்சியாளர்கள் நாடு முழுவதற்கும் ஒரே ஆட்சிமொழியாக்கப் பார்த்தார்கள். அதை எதிர்த்த மாணவர்கள் 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் சுடப்பட்டார்கள். 1971இல் போர் வந்தபோது இந்த மக்களில் பெரும்பகுதி பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தது. ஒரு பகுதியினர் துணைப்படைகளில் சேர்ந்து வங்காளிகளைக் கொன்றதும் உண்மை. போர் தொடங்கிய நாட்களிலும், பாகிஸ்தான் படை சரணடைந்த டிசம்பர் 16க்குப் பின்னும் உருது பேசும் குடும்பங்கள் ஆண், பெண், பிள்ளை என்று பார்க்காமல் கொல்லப்பட்டதும் உண்மை. வீடுகள் பறிபோயின, வேலைகள் போயின. உயிர் பிழைத்தவர்கள் முகாம்களுக்கு வந்தார்கள்.

பிறகு ஒரு கேள்வி வந்தது. எந்த நாட்டுக்குப் போக விருப்பம்? 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாகிஸ்தான் என்று பதிந்தார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் செய்த 1973 டெல்லி ஒப்பந்தத்துக்குப் பிறகு பாகிஸ்தான் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. 1993இல் சில நூறு பேர் போனதோடு அந்த வழி அடைபட்டது. மிச்சமிருந்தவர்களைப் பாகிஸ்தானும் தன் மக்கள் என்று ஏற்கவில்லை, வங்கதேசமும் ஏற்கவில்லை.

எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். 1948 குடியுரிமைச் சட்டத்தில், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியில் பிறந்த எங்கள் ஆட்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். என் தாத்தா இலங்கைக்கு எழுதிப்போட்டார், அவருடைய தம்பி இந்தியாவுக்கு. அதோடு அண்ணன் தம்பி பிரிந்தார்கள். முகாமில் நான் காலா (உருதுவில் சித்தி) என்று கூப்பிட்ட அம்மா, தன் மாமனார் பாகிஸ்தான் என்று பதிந்த கதையைச் சொன்னபோது, "ஏன் அப்படி எழுதினார்?" என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "பக்கத்து வீடு எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு தாளைக் கொடுத்து எங்கே போகிறாய் என்று கேட்டால் என்ன எழுதுவாய் பேட்டி (மகளே)?" அந்தக் காலா அப்போது கைக்குழந்தை. பாகிஸ்தானை அவர் பார்த்ததே இல்லை. அவர் பிள்ளைகள் கேட்டதெல்லாம் டாக்காவில் வேலை, டாக்காவில் படிப்பு.

இதனால்தான், முகாமுக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பாகிஸ்தானைப் பற்றிக் கேட்காதீர்கள் என்பது. வெளியாட்கள் வந்தவுடன் கேட்கும் முதல் கேள்வி அதுதான். பத்திரிகைகள் பல வருடமாக "சிக்கிக்கொண்ட பாகிஸ்தானியர்" என்றே எழுதிவந்தன. வயதானவர்களில் சிலருக்கு இன்னும் அந்த ஆசை இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். இளையவர்களுக்கு அந்தப் பெயர் நேரடிக் கெடுதல். நீ இந்த நாட்டவன் இல்லை என்று சொல்லத் துடிக்கும் எந்த அதிகாரிக்கும் அது ஒரு காரணம் கிடைத்த மாதிரி. உருது பேசுகிறவர்கள், வங்கதேசத்தவர்கள் என்றுதான் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அப்படியே சொன்னால் போதும்.

முகாமின் அன்றாடம் தண்ணீரிலும் கழிப்பறையிலும் தொடங்கும். காலாவின் வீடு ஒரே அறை. எட்டடிக்கு பத்தடி இருக்கும். அதற்குள் காலா, இரண்டு பெண்கள், ஒரு மகன். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்துக் காம்பரா (அறை) அதைவிடக் கொஞ்சம் பெரியது, வாசலில் வெளிச்சமும் இருந்தது. இங்கே சந்து அவ்வளவு குறுகல், எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே கரண்ட் கம்பிகள் பின்னிக் கிடக்கும். மேலுக்கு மேல் அறை எழுப்பியதால் பகலிலும் விளக்கு வேண்டும். குளியலறை, கழிப்பறை எல்லாம் பொது. விடியற்காலையில் பெண்கள் வாளியோடு வரிசையில் நிற்பார்கள். பகலில் அடிக்கடி போக வேண்டிவரும் என்று தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் பெண்களைப் பார்த்தேன். நீர்க்கடுப்பு அங்கே பெண்களுக்கு வாடிக்கையான நோய். கைவேலைக்குப் பெண்களை நாள் முழுக்க உட்காரவைக்கிற யாரும் இதை யோசிக்க வேண்டும். வேலையை முகாமுக்குள்ளேயே ஒரே அறையில் கொடுப்பதைவிட, கழிப்பறை உள்ள வெளி அறை ஒன்றைப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தால் அவர்கள் உடம்புக்கும் நல்லது, துணிக்கும் நல்லது. எங்கள் ஆர்டர் பெரிதானபோது அதைத்தான் செய்யச் சொல்லி வாங்கினேன். அந்த வாடகையால் ஒரு பீஸுக்கு, அதாவது ஒரு துணிக்கு, ஏறிய செலவு ஒன்றுமே இல்லை.

காலாவின் அறையில் தைக்கும் மரச்சட்டத்தை விரித்தால் வேறு எதற்கும் இடமிருக்காது. பகலில் காலாவின் மூத்த மகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சட்டத்தின் இருபுறமும் உட்கார்ந்து தைப்பார்கள், மற்றவர்கள் சந்தில் இருப்பார்கள். இரவில் சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் படுப்பார்கள். பெருநாளுக்கு முந்தைய மாதத்தில் சட்டம் சாயவே சாயாது, விடிய விடிய வேலை. ஆண்கள் பலர் முடிதிருத்தும் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் மெக்கானிக் பட்டறைகளிலும் இருந்தார்கள். ரிக்‌ஷா ஓட்டினார்கள். சாயங்காலமானால் முகாமின் ஓரத்துக் கடைகளில் மாட்டிறைச்சிச் சாப் எண்ணெயில் பொரியும் வாசம் தெருவுக்கே வரும். லூச்சியோடு (பூரி போன்றது) அதைச் சாப்பிட டாக்காவின் வசதியான பகுதிகளிலிருந்தெல்லாம் கார் வரும். முகாமின் சமையலை எல்லோருக்கும் பிடிக்கும். முகாம்காரப் பையனை வேலைக்கு எடுக்கத்தான் யோசிப்பார்கள்.

பிள்ளைகள் வங்காளப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். உருது பேச வரும், எழுத்து தெரியாது. காலாவின் இளைய மகள் என்னைவிட எவ்வளவோ நன்றாக வங்காளம் பேசினாள், அது அவளுக்குப் பள்ளி மொழி, தெரு மொழி. கல்லூரியில் வீடு எங்கே என்று கேட்டால் ஹுமாயூன் ரோடு என்பாள். அதற்குமேல் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று இருப்பாள். கொழும்பில் வேலைக்குப் போன எங்கள் பிள்ளைகளும் தோட்டத்தின் பேரைச் சொல்ல மாட்டார்கள், ஹட்டன் என்றுதான் சொல்வார்கள். அதனால் அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி இந்த மக்கள் நாடற்றவர்கள் இல்லை. 2003இல் ஜெனிவா முகாமைச் சேர்ந்த பத்துப் பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் குடிமக்கள், வாக்காளர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உயர் நீதிமன்றப் பிரிவு சொன்னது. பிறகு 2008 மே 18 அன்று, சதாகத் கான் என்பவரும் மற்றவர்களும் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1971இல் சிறுவர்களாக இருந்தவர்களும் அதற்குப் பிறகு பிறந்தவர்களும் வங்கதேசக் குடிமக்களே என்ற தீர்ப்பு வந்தது. அந்த வருட டிசம்பர் தேர்தலில் முகாம்களில் பலர் முதல் தடவையாக ஓட்டுப் போட்டார்கள். தேசிய அடையாள அட்டையும் கிடைத்தது. அது பெரிய வெற்றி. இளையவர்களே முன்னின்று, மூத்தவர்களின் எதிர்ப்பையும் தாங்கிக்கொண்டு வாங்கிய வெற்றி.

ஆனாலும் நான் பார்த்த காலத்தில், அட்டையில் இருந்த விலாசம் அந்த அட்டையைப் பாதி செல்லாததாக்கியது. "ஜெனிவா முகாம், முகமதுபூர்" என்று விலாசம் இருந்தால் பாஸ்போர்ட் விண்ணப்பம் நகராது. அப்போது பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரணைக்கு வருகிறவர், மாநகராட்சி வீட்டுக்குத் தரும் ஹோல்டிங் நம்பர் எங்கே என்பார். முகாம் அறைக்கு மாநகராட்சி வரி கிடையாது, ஆகவே ஹோல்டிங் நம்பர் கிடையாது. கரண்ட் பில்லைக் காட்டு என்பார். அங்கேதான் சிக்கல். முகாமின் மின்சாரக் கட்டணத்தை அரசு அமைச்சகமே கட்டிவந்தது, வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லை. பில்லே வராத வீட்டில் யார் பேரில் பில் இருக்கும்? வங்கிக் கணக்குக்கும் அதே பில், கடை லைசென்ஸுக்கும் அதே பில். நிவாரணம் என்று இலவசமாகக் கொடுத்ததே அவர்கள் விலாசத்தை எடுத்துக்கொண்டது என்று நான் நினைக்கிறேன். பின்னாளில் அந்தக் கட்டணப் பாக்கியே தகராறாகி, 2019இல் மின்வெட்டுக்கு எதிராக முகாம் ஆட்கள் தெருவில் இறங்கிப் போலீஸோடு மோதல் வரை போனது.

எங்கள் தோட்டத்திலும் இதுதான் நடந்தது. லயம் தோட்டத்துக்குச் சொந்தம், கரண்ட் தோட்டத்தின் பேரில், கடிதம்கூடத் தோட்ட ஆபீஸுக்குத்தான் வரும். 2003இல் எங்களுக்கான குடியுரிமைச் சட்டம் நிறைவேறியும், வீட்டு நம்பர் இல்லாத ஆளாகவே நான் கொழும்புக்கு வந்தேன். கோர்ட் தீர்ப்பு கிடைத்ததும் போராட்டம் முடிந்துவிட்டது என்று நினைக்கும் ஆதரவாளர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்பேன்: அந்த மனிதர் பேரில் கரண்ட் பில் வருகிறதா?

தாள் வேலையில் கற்றதைச் சொல்கிறேன். வங்கதேசத்தில் எல்லாவற்றுக்கும் அடி பிறப்புப் பதிவு. பிள்ளை பிறந்து 45 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. முகாமில் பல குடும்பங்கள் பள்ளியில் கேட்கும்போதுதான் பதியப் போவார்கள், அதற்குள் கட்டணமும் கேள்வியும் கூடிவிடும். ஆகவே கர்ப்பிணிப் பெண் இருக்கும் வீட்டில் பிரசவத்துக்கு முன்பே பெற்றோர் இருவரின் தாள்களையும் சரிபார்த்து வைக்கச் சொல்வேன். சரிபார்ப்பது என்றால் எழுத்துக்கூட்டு. தகப்பனின் பேரில் முகம்மது என்பது ஒரு தாளில் முழுதாக இருக்கும், இன்னொன்றில் எம்.டி. என்று சுருங்கியிருக்கும். தாயின் பேர் கல்யாணத்துக்கு முன் காத்தூன், பின் பேகம் என்று இருக்கும். பிள்ளையின் தாளில் உள்ள தாய் பேர், தாயின் அடையாள அட்டையில் உள்ள பேரோடு ஒரு எழுத்து மாறினாலும் பத்து வருடம் கழித்து அது பாஸ்போர்ட்டில் வந்து நிற்கும். வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். எங்கள் தமிழ்ப் பேர்களைச் சிங்களத்தில் எழுதிய பதிவாளர்கள் செய்த குளறுபடியைத் திருத்த என் அம்மா எத்தனை தடவை கச்சேரிக்கு (மாவட்ட அரசு அலுவலகத்துக்கு) நடந்தார் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இதில் பிடிவாதமாக இருந்தேன். காலாவின் வீட்டில் எல்லாருடைய பேரையும் ஒரு கொப்பியில் (நோட்டுப் புத்தகத்தில்) இரண்டு மொழியிலும் எழுதி, இனி எந்த ஆபீஸிலும் இதைப் பார்த்தே சொல்ல வேண்டும் என்று வைத்தோம்.

அடுத்தது, மறுப்பை எழுத்தில் கேட்பது. கவுண்டரில் இருப்பவர் வாயால் "முகாம் ஆட்களுக்குக் கிடையாது" என்று அனுப்பிவிடுவார். அப்படி ஒரு விதி எழுத்தில் இல்லை, அதனால் எழுதித் தரமாட்டார். விண்ணப்பத்தின் இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான சீல் போட்டு வாங்கிவிட்டால், பாதி நேரம் அந்தச் சீலுக்காகவே விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள். 2008 தீர்ப்பின் பிரதியை வங்காள மொழிபெயர்ப்போடு கையில் வைத்திருப்பது நல்லது. குரலை உயர்த்த வேண்டாம், தாளை மேசையில் வைத்தால் போதும். அப்போது வார்டு கவுன்சிலர் தந்த குடியுரிமைச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்தோம். தரகர் பக்கம் போகவே கூடாது. அங்கே அவர்களைத் தலால் என்பார்கள், அலுவலக வாசலிலேயே நிற்பார்கள். அவர்கள் காசை வாங்கிக்கொண்டு விலாசத்தை இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்கள், பிறகு அந்தப் பொய் விலாசத்தால் மாட்டுவது நம் ஆள்தான்.

இதற்கெல்லாம் அயல்நாட்டுப் பெண் ஒருத்தி தேவையில்லை. கவுன்சில் ஆஃப் மைனாரிட்டிஸ் போன்ற, அந்தச் சமூகத்து இளைஞர்களே நடத்தும் அமைப்புகள் முகாமிலேயே சட்ட உதவியாளர்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கின்றன. எந்த ஆபீஸில் எந்த நாள் கூட்டம் குறைவு, எந்தப் படிவத்துக்கு எது இணைப்பு என்று அவர்களுக்கு விரல்நுனியில் தெரியும். நான் கடைசியில் செய்ததெல்லாம், என்னிடம் வந்தவர்களை அவர்களிடம் கூட்டிப்போய் விட்டதும், போட்டோகாப்பி செலவைக் கொடுத்ததும்தான். உதவ நினைக்கிறவர்கள் முதலில் அங்கே ஏற்கெனவே யார் செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

தாள்களை எங்கே வைப்பது என்பதும் பெரிய விஷயம். கம்பி பின்னிய சந்தில் தீப்பிடித்தால் நொடியில் பரவும். மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் அறைக்குள் வரும். எங்கள் லயங்களிலும் ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசை முழுக்கப் போகும். தீக்குப் பிறகு அட்டை இல்லாமல் நின்றவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு தடித்த பிளாஸ்டிக் பையில் எல்லா மூலத் தாள்களும், அது கதவுக்குப் பக்கத்து ஆணியில், கை எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அந்த இடம் தெரிய வேண்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து வெளியில் இருக்கும் ஒரு உறவினருக்கு அனுப்பி வைக்க வேண்டும்.

தீ என்றதும் 2014 ஜூன் 14 நினைவுக்கு வருகிறது. முஸ்லிம்கள் விழித்திருந்து தொழும் ஷபே பராத் இரவு கழிந்த காலை, மீர்பூர் காலஷியில் ஒரு முகாமைத் தாக்கி வீடுகளுக்குத் தீவைத்தார்கள். 10 பேர் இறந்தார்கள், அதில் 9 பேர் ஒரே குடும்பம். பெண்களும் பிள்ளைகளும். அந்த வாரம் ஜெனிவா முகாமில் யாரும் சட்டம் விரிக்கவில்லை. எங்கள் ஷிப்மெண்ட் தேதி தள்ளிப்போனது. அலுவலகத்தில் என்ன காரணம் எழுதுவது என்று கேட்டார்கள், நடந்ததை அப்படியே எழுதினேன்.

என்னோடு வேலை பார்த்த ஒரு வங்காளி பாய் இருந்தார். அவருடைய பெரியப்பாவை 1971இல் வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை. ஒவ்வொரு டிசம்பர் 14க்கும் அவர் ராயர்பஜார் நினைவிடத்துக்குப் போவார். முகமதுபூருக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது, அறிவுஜீவிகளைக் கொன்று போட்ட இடம். என்னை ஹுமாயூன் ரோடு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொள்வார். "உள்ளே மட்டும் கூப்பிடாதே" என்றார். நான் கூப்பிடவில்லை. காலா வீட்டுக்கான வங்காள விண்ணப்பங்களை அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது அவர்தான். "இந்தப் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை" என்று ஒரு தடவை தானாகச் சொன்னார், அவ்வளவுதான். முகாமில் அனுதாபத்தோடு வேலை செய்கிறவர்கள் வெளியே இருக்கும் வங்காளியின் துக்கத்தைச் சின்னதாக்கிப் பேசக் கூடாது. அப்படிப் பேசினால் பக்கத்தில் உதவ இருக்கும் ஆளையும் இழப்போம்.

வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். பீஸ் கணக்கைத் தைக்கும் பெண்களின் முன்னிலையிலேயே பேசுங்கள். நடுவில் நிற்கிறவர் எவ்வளவு எடுக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். முன்பணம் கொடுங்கள், நூலும் பாசியும் கடனில் வாங்கினால் அந்தக் கடைக்காரருக்கே கூலி போய்விடும். குழந்தைகள் சட்டத்தில் உட்காருவதைக் கண்டால் ஆர்டரை நிறுத்துவதற்கு முன் கூலி எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். கூலி ஏறியபின் காலாவின் சந்தில் இரண்டு சிறுமிகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். படம் எடுக்காதீர்கள். போதைப்பொருள் தேடுதல் என்று முகாமைச் சுற்றி வளைப்பது அடிக்கடி நடக்கும். 2018இல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போனார்கள். முகம் தெரியும் படம் யார் கைக்குப் போகும் என்பது நமக்குத் தெரியாது. முகாமில் அந்த வியாபாரம் இருக்கிறது, அதனால் முதலில் பயந்து வாழ்கிறவர்கள் அங்கே குடியிருக்கும் குடும்பங்கள்தான். இருட்டிய பிறகு தனியாகப் போக வேண்டாம் என்று காலாவே சொல்வார், சொன்னபடி கேட்டேன்.

காலாவின் மகன் முடிதிருத்தும் கடையில் வேலை செய்தவன். வளைகுடாவில் ஒரு சலூனில் வேலை வந்தபோது, முகாம் விலாசத்தால் பாஸ்போர்ட் கிடைக்காமல் அந்த வேலை போனது. பிறகு நண்பர்களோடு சேர்ந்து முகமதுபூரிலேயே முகாமுக்கு வெளியே ஒரு அறை எடுத்தான். வாடகை ஒப்பந்தத்தில் தன் பேரைப் போட வைத்தான். அங்கேயே குடியிருந்து, வீட்டுக்காரரின் கரண்ட் பில் பிரதியோடு அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றினான். இதற்கு மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதன்பின் பாஸ்போர்ட் வந்தது. இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான். அந்த அறையில் அவன் நண்பர்கள் இருக்கிறார்கள், தன் பங்கு வாடகையை அவன் நிறுத்தவில்லை. தங்கை படிப்பை முடித்துவிட்டாள், அவளும் காலாவும் அங்கே குடிவரப் போகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இந்தத் தடவை தங்கையின் பேரும் இருக்க வேண்டும், எழுத்துக்கூட்டு கொப்பியில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று போன மாதம் போனில் சொன்னேன். "கொப்பி ஆணியில்தான் இருக்கிறது" என்றார் காலா.